ஆச்சியின் காப்பகமும் அவருக்குப் பிறகு நான் பட்ட பாடும்

என் அம்மாவைப் பெற்ற ஆச்சி, கோவில்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிறு ஊரில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் வீட்டிலேயே பிள்ளைக் காப்பகம் நடத்தியவர். அவர் மறைந்து ஈராண்டு ஆகப்போகிறது. அவரைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் அவர் போன பிறகு நான் தனியாக நின்று முடித்த வேலைகளும் கூடவே வந்து நின்றுவிடுகின்றன. அம்மா முன்பே இறந்துவிட்டார். ஒரே மாமா மும்பையில் இருக்கிறார். மதுரையில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், கணக்கு வழக்குத் தெரிந்தவள் என்ற காரணத்தால் எல்லாம் என் தலையில் விழுந்தது. இன்னின்னது வரும் என்று யாராவது ஒருவர் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் கொஞ்சம் பணமும் நிறையத் தூக்கமும் மிஞ்சியிருக்கும். வீட்டில் வயதானவர் ஒருவர் சிறு தொழிலோ சேவையோ வாய்ச்சொல்லிலேயே நடத்திக்கொண்டிருந்தால், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

ஆச்சி இதை 1980-களின் தொடக்கத்தில் ஆரம்பித்தார். எங்கள் பக்கம் கரிசல் காடு. மழை பொய்த்தால் தீப்பெட்டி ஆபீஸ்தான் சோறு போடும்; தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்போம். தாய்மார்கள் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கவும் பெட்டி ஒட்டவும் போய்விட, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டின் மூத்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவார்கள். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்கும் எட்டு வயதுப் பெண்களைப் பார்த்துத்தான் ஆச்சிக்கு இந்த எண்ணம் வந்தது. 1982-இல் சத்துணவுத் திட்டம் வந்தபோது அவர் தெருத்தெருவாகப் போய், "பெரியவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு, அங்கே சோறு கிடைக்கும், சின்னதை என்கிட்ட விடு" என்று சொன்னாராம். முப்பது பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டத்தில் அப்போதே இருந்தது. ஆனால் எங்கள் ஊரின் சிறு ஆபீஸ்களிலும், வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வேலையிலும் அந்தக் கணக்கு எட்டியதே இல்லை. அங்கன்வாடியோ ஆபீஸ் விடுவதற்கு முன்பே மூடிவிடும். இந்த இடைவெளியில்தான் ஆச்சியின் வீடு நின்றது.

அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது; ஊரில் எல்லோருக்கும் அது "ஆச்சி வீடு". உத்தரத்தில் சேலைத் தூளிகள் தொங்கும், நடுக்கூடத்தில் பாய் விரித்திருக்கும், பின்கட்டில் ஒரு குழாய். அவருடைய ஒழுங்குமுறைகள் எந்தத் தாளிலும் இல்லை. ஆனாலும் அவை மீறப்பட்டு நான் பார்த்ததில்லை. தீக்குச்சியில் மருந்து முக்கும் வேலையிலிருந்து வரும் தாய், குழாயடியில் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்கலாம். தண்ணீர் வாளியோ அண்டாவோ மூடியும் மூடிமேல் கல்லும் இல்லாமல் ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது. ஊரெல்லாம் கடலைமிட்டாய் மணந்தாலும் மூன்று வயது நிரம்பாத குழந்தையின் கையில் கடலை தரக் கூடாது, புரையேறிவிடும். தாய் எழுதிக்கொடுக்காத மருந்து ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது. பிள்ளையைக் கொண்டுவந்து விட்டவரோ, அவர் காலையில் சொல்லிவிட்டுப் போனவரோதான் திரும்பக் கூட்டிப்போகலாம். குடித்துவிட்டு வந்த தகப்பன்மார் எத்தனையோ பேரை ஆச்சி வாசலிலேயே நிறுத்தி, "தெளிஞ்சு வா, தாரேன்" என்று அனுப்பியிருக்கிறார். இன்று சிறு ஊர்களில் வீட்டோடு பிள்ளை பார்க்கும் பெண்கள் வேறொன்றும் எடுத்துக்கொள்ளாவிட்டாலும், இந்தக் கடைசி விதியை மட்டும் சுவரில் எழுதி ஒட்டிவிடலாம்.

அவர் இறந்தது ஒரு விடிகாலை, வீட்டிலேயே, தூக்கத்தில். நான் மதுரையிலிருந்து போய்ச் சேர்ந்தபோது வாசலில் உறவினர்களைவிட அதிகமாகக் குழந்தைகள் நின்றார்கள். தாய்மார்கள் அழுதார்கள், அழுதுகொண்டே நேரமும் பார்த்தார்கள். எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவர்களுக்கு இழவுக்கென்று விடுப்பு ஏது? அந்த நேரத்தில் எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது. ஆச்சி கிடத்தியிருக்கும் வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறார்களே என்று. காப்பகத்தில் ஆச்சிக்கு உதவிக்கு இருந்த அக்காதான் எதுவும் பேசாமல் குழந்தைகளை எதிர்வீட்டுத் திண்ணைக்குக் கூட்டிப்போனார். ஒரு தொழில் நின்றாலும் அதை நம்பியிருந்தவர்களின் அன்றாடம் நிற்பதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆகவே, இப்படி ஒன்றை நடத்துபவர் திடீரென்று இல்லாமல் போனால் அன்றைய தினம் யார் பார்ப்பார்கள் என்ற ஏற்பாட்டை, அவர் நலமாக இருக்கும்போதே பேசி வையுங்கள். எங்களுக்கு அந்த அக்கா வாய்த்தார். எல்லோருக்கும் வாய்ப்பார் என்று சொல்ல முடியாது.

வீட்டில் நிகழும் மரணத்தில் முதல் சிக்கல், மரணத்துக்கான காரணத்தை எழுதித்தர மருத்துவர் ஒருவர் வேண்டும் என்பது. கடைசியாக ஆச்சிக்கு இரத்த அழுத்தத்துக்கு மருந்து கொடுத்தவரைத் தேடிப்பிடித்து அன்றே வாங்கிவிட்டேன். நாட்கள் போனால் பார்த்திராத உடலுக்கு யாரும் எழுதித்தர மாட்டார்கள். அந்தச் சான்றும் சுடுகாட்டு ரசீதும் இறந்தவரின் ஆதாரும் இருந்தால் பதிவு எளிது. 21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. அதற்கு மேல் 30 நாட்கள் வரை தாமதக் கட்டணம். ஓராண்டு வரை மேலதிகாரியின் அனுமதி. ஓராண்டு தாண்டினால் நிர்வாக நடுவரின் ஆணை வரை போக வேண்டியிருக்கும். துக்க வீட்டில் 21 நாட்கள் எப்படிப் போகும் என்றே தெரியாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள், அதற்குள் கெடு நெருங்கிவிடும்.

பதிவைவிடப் பெரிய தலைவலி பெயர். ஆதாரில் ஆச்சிக்குத் தகப்பனார் தலைப்பெழுத்து. வங்கிப் புத்தகத்தில் கணவர் தலைப்பெழுத்து. குடும்ப அட்டையில் வீட்டில் கூப்பிடும் பெயர். பழைய காகிதங்களில் மாவட்டத்தின் பெயர்கூட ஒன்றாக இல்லை. 1986-க்கு முந்தியதில் திருநெல்வேலி, அதற்கடுத்த சில ஆண்டுகளின் தாள்களில் சிதம்பரனார் மாவட்டம், இப்போதைய ஆவணங்களில் தூத்துக்குடி. இது எல்லாம் ஒரே ஊர் என்று வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த ஓர் எழுத்தருக்கு விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. இறப்புப் பதிவுக்குப் போகும்போது வங்கிப் புத்தகம், அஞ்சலகப் புத்தகம், நிலப் பத்திரம் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். பணம் எந்தப் பெயரில் இருக்கிறதோ அதைப் பார்த்து, ஆதாரோடு எங்கே பொருந்தவில்லை என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பொருந்தாத இடங்களுக்கு, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்துக்கொண்டேன். பின்னால் அது பல இடங்களில் கேட்கப்பட்டது.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய். மையத்துக்கு வெளியே நின்ற ஒருவர் அதற்கே 6,000 ரூபாய் கேட்டார். எல்லாம் அவரே பார்த்துக்கொள்வாராம். களைப்பில் கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றியது. கொடுக்கவில்லை, ஆனால் அதற்கு விலையாக அலுவலக விடுப்புகள் கரைந்தன. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த பெண்ணின் சொத்து அவர் கணவருக்கும் பிள்ளைகளுக்கும், முன்பே இறந்த பிள்ளையின் பிள்ளைகளுக்கும் சேரும். தாத்தா இல்லை; ஆகவே மாமாவும், அம்மாவின் இடத்தில் நானும். இதனால் ஆச்சியின் சான்றுகளோடு அம்மாவின் இறப்புச் சான்றும் அம்மாவின் வாரிசுச் சான்றும் தேவைப்பட்டன. அம்மா இறந்தபோது வாங்காமல் விடப்பட்டதை எல்லாம் இப்போது சேர்த்து வாங்க வேண்டியிருந்தது. கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வாரிசுகளின் ஆதார் நகலும் கையெழுத்தும் வேண்டும். மாமா காரியம் முடிந்த மறுநாளே ரயிலேறிவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு தாளும் மும்பைக்குப் போய் நோட்டரி முத்திரையோடு திரும்பி வந்தது. எல்லா வாரிசுகளும் ஒரு கூரையின் கீழ் இருப்பது பதினாறாம் நாள் அன்றுதான். அன்றைக்கே ஒருவர் வெட்கம் பார்க்காமல் உட்கார்ந்து நகல்களையும் கையெழுத்துகளையும் வாங்கிவிட வேண்டும்.

வங்கியில் ஆச்சியின் கணக்குக்கு நியமனதாரர் (நாமினி) இருந்தார், அவர் தாத்தா. தாத்தா இறந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. நியமனதாரர் உயிரோடு இருந்தால் இறப்புச் சான்றும் அடையாளச் சான்றும் கொடுத்துப் பணத்தை வாங்கிவிடலாம். அவர் இல்லாததால் எங்களுக்கு எல்லா வாரிசுகளின் ஒப்புதல், பின்னால் வேறு யாராவது உரிமை கேட்டால் வங்கியின் இழப்பை ஈடுகட்டுவோம் என்ற ஈட்டுறுதிப் பத்திரம், ஜாமீன் கையெழுத்து என்று நீண்டது. நியமனதாரர் பணத்தை வாங்கிக்கொள்பவரே தவிர உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. வாரிசுகளின் பங்கு வாரிசுகளுக்குத்தான். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம் என்று சட்டம் மாறியிருக்கிறது; உங்கள் வீட்டுப் பெரியவர்களின் புத்தகத்தை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். ஆவணங்கள் முழுமையாகக் கொடுத்த பிறகு 15 நாட்களில் முடித்துத்தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த 15 நாள் எப்போது தொடங்கியது என்று காட்ட, கொடுக்கும் மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நான் அதை வாங்கிய பிறகுதான் என் கோப்பு நகர்ந்தது. அஞ்சலகத்தில் வேறு வழி: நியமனம் இல்லாவிட்டாலும் 5 லட்சம் ரூபாய் வரை, இறந்து ஆறு மாதம் கழித்து, உறுதிமொழிகளின் பேரில் வாங்கலாம். காத்திருப்பதைத் தவிர அங்கே எனக்குச் சிரமம் இல்லை. இடையில், "ஏடிஎம் கார்டு இருக்குல்ல, ரகசிய எண்ணும் தெரியும், எடுத்துக்க வேண்டியதுதானே" என்று சொல்லாத உறவினர் இல்லை. இறந்தவர் கணக்கில் அப்படி எடுப்பது முறைகேடு. நாளை இன்னொரு வாரிசு கேள்வி கேட்டால் எடுத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இனி, என்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். ஆச்சியிடம் தாய்மார்கள் பிள்ளைகளோடு பணத்தையும் விட்டுவைத்திருந்தார்கள். சனிக்கிழமை கூலி வாங்கியதும் காப்பகக் காசைக் கொடுத்துவிட்டு, "இதையும் வச்சுக்க ஆச்சி" என்று ஐம்பதோ நூறோ தனியாகக் கொடுப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் மறுநாள் காலையில் அது இருக்காது. ஆச்சி அதை ஒரு நோட்டில் எழுதி, சேர்ந்ததும் தம் வங்கிக் கணக்கிலேயே போட்டிருக்கிறார். கணவன்மார் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நோட்டில் பெயரே எழுதவில்லை. "சுருட்டைமுடி", "இரட்டைப்பிள்ளை", "பாலத்துக்காரி" என்று பக்கத்துக்கு ஒன்று. கூட்டிப் பார்த்தால் ஒன்றேகால் லட்சம் ரூபாய் வந்தது. வங்கியிலும் அஞ்சலகத்திலும் சேர்த்து இருந்ததோ ஏறக்குறைய 2,80,000 ரூபாய்.

மாமாவிடம் சொன்னேன். "அம்மா கணக்கில் இருப்பது அம்மா பணம், நோட்டில் யார் பெயரும் இல்லையே" என்றார். இறந்தவர் விட்டுப்போன சொத்திலிருந்து முதலில் அவர் கடன் தீர வேண்டும், மீதிதான் வாரிசுகளுக்கு என்பது சட்டம். ஆனால் கடனை நிரூபிக்க வேண்டியவர், பெயரைச் சொல்லவே பயந்து பணம் கொடுத்தவர். மாமாவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் அந்தத் தெருவை விட்டுப் போய் முப்பது ஆண்டுகள் ஆகின்றன, அவருக்கு அந்தப் பெண்கள் முகமில்லாதவர்கள். அவர் பங்கு 1,40,000 ரூபாயை அவர் எடுத்துக்கொண்டார். நோட்டுக் கணக்கு என் பங்கிலிருந்து தீர்வதென்று ஆயிற்று. பணம் கைக்கு வர மாதங்கள் ஆகும், பெண்களோ பள்ளிக் கட்டணம், மருந்துச் செலவு என்று வாசலில் நின்றார்கள். முதலில் என் சேமிப்பை எடுத்துத்தான் கொடுத்தேன்.

கொடுத்த விதத்தைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். உதவிக்கு இருந்த அக்காவையும், நெடுநாளாகப் பிள்ளை விட்ட இரண்டு மூத்த தாய்மார்களையும் கூட வைத்துக்கொண்டேன். நோட்டை நான் யாருக்கும் காட்டவில்லை. வருபவர் தம் தொகையையும் எந்த ஆண்டிலிருந்து கொடுத்தார் என்பதையும் முதலில் சொல்ல வேண்டும், பிறகு நான் பக்கத்தைப் பார்ப்பேன். பெரும்பாலோர் சொன்னது ரூபாய் மாறாமல் பொருந்தியது. ஒருவர் நோட்டில் இருந்ததைவிடக் குறைவாகவே சொன்னார். "ஆச்சி கணக்குல தப்பு இருக்காதும்மா" என்று அவரே மிச்சத்தையும் வாங்கிக்கொண்டார். ஒவ்வொருவரிடமும் ரசீது வாங்கினேன், 5,000 ரூபாய்க்கு மேற்பட்டதற்கு வருவாய் வில்லை (ரெவின்யூ ஸ்டாம்ப்) ஒட்டி. ரசீதைப் பதிவுப் பெயரில் எழுதினாலும் அதை அவர்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பவில்லை, அங்கேயே வைத்துக்கொண்டேன், காரணம் புரிந்திருக்கும். நோட்டில் இல்லாமல், தாமும் கொடுத்ததாகச் சொல்லி வந்தவர்களும் உண்டு. ஆச்சிக்காக என்னோடு சேர்ந்து ஒப்பாரி வைத்த ஒரு பெண்ணைப் பார்த்து, "சாட்சி யார்?" என்று நான் கேட்டேன். என் தொழிலில் தினமும் கேட்கிற கேள்விதான். அன்று அந்த முற்றத்தில் என் குரலே எனக்கு அருவருப்பாக இருந்தது. அக்கா உறுதியாகச் சொன்னவர்களுக்கு மட்டும் 18,000 ரூபாய் வரை கொடுத்தேன். மற்றவர்களை அனுப்பிவிட்டேன். அவர்களில் உண்மை சொன்னவர் யாராவது இருந்திருப்பாரா என்ற எண்ணம் இன்னும் வருகிறது.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஊரார் பணத்தை நம்பிக்கையின்பேரில் வைத்திருந்தால், அதை நிறுத்தச் சொல்லாதீர்கள்; அது சிலருக்கு ஒரே சேமிப்பு. ஆனால் சொந்தக் கணக்கோடு கலக்காமல் தனிக் கணக்கு ஒன்று தொடங்கச் சொல்லுங்கள், வங்கிப் புத்தகம் பணம் வாங்கி வைப்பவரிடமே இருக்கலாம் என்று சொல்லி அந்தப் பெண்கள் பெயரிலேயே தொடங்கினால் இன்னும் நல்லது. நோட்டில் அடையாளப் பெயர் எழுதுவதாக இருந்தால், அடையாளத்துக்கு உரியவர் யார் என்பது இன்னொருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

நகை விஷயத்தை எழுதக் கை வரவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். பிள்ளைகளுக்குப் பின்கட்டில் கழிப்பறை கட்ட ஆச்சி தம் மூன்று பவுன் சங்கிலியை ஒரு நிதி நிறுவனத்தில் அடகு வைத்திருந்தார், யாரிடமும் சொல்லவில்லை. துக்கத்துக்கு வந்த உறவுக்காரப் பையன் ஒருவன், பழைய போன்தானே என்று அவர் போனை எடுத்துக்கொண்டு சிம்மைக் கழற்றிப் போட்டுவிட்டான். ஏல அறிவிப்பு அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தியாகவும், பூட்டிய வீட்டுக்குக் கடிதமாகவும் போயிருக்கிறது. அரிசிப் பானைக்குள் ரசீது கிடைத்து நான் ஓடியபோது சங்கிலி ஏலம் போய்விட்டது. கடனும் வட்டியும் போக மிஞ்சிய தொகை வாரிசுகளுக்கு உரியது என்று எழுத்தில் கேட்டு வாங்கினேன். ஆனாலும் குறைந்த ஏல விலை, வட்டி, செலவு என்று ஏறக்குறைய 30,000 ரூபாய் போயிற்று, அதன் பிறகு தங்கம் ஏறிய ஏற்றத்தை நான் கணக்குப் பார்ப்பதில்லை. இறந்தவரின் போனை ஓராண்டாவது சார்ஜ் போட்டு, எண்ணுக்குப் பணம் கட்டி உயிரோடு வைத்திருங்கள். அவருடைய கொடுக்கல் வாங்கல் எல்லாம் அதைத் தேடித்தான் வரும். ஊரிலுள்ள அடகுக் கடைகளிலும் நிறுவனங்களிலும் இறப்புச் சான்று நகலோடு நேரில் போய்க் கேட்டுவிடுவதும் நல்லது.

காப்பகத்தை ஒரு மாதம் கழித்து மூடினேன். தேதியை முன்னமே சொல்லி, இரண்டு வயது தாண்டியவர்களை அங்கன்வாடியில் சேர்க்க அக்காவோடு நானும் போனேன். கைக்குழந்தைகளுக்குத்தான் வழியில்லை. இரண்டு தாய்மார்கள் வேலையை விட்டார்கள். ஒரு வீட்டில், பயந்தபடியே, ஆறாம் வகுப்புப் படித்த மகள் பள்ளிக்குப் போவதை நிறுத்தினாள். அக்கா அந்தப் பெண்ணுக்காகவே தம் வீட்டில் தூளி கட்டினார். இப்போது அங்கே சில குழந்தைகள் இருக்கிறார்கள், அவள் மறுபடி பள்ளிக்குப் போகிறாள். அக்காவுக்கு நான் ஒரு பதிவேடு அடித்துக்கொடுத்தேன்: பிள்ளை பெயர், பெற்றோர் இருவர் எண்கள், கூட்டிப்போக உரியவர், ஒவ்வாத உணவு, மருந்து, அவசரத்துக்கு அக்கா இல்லாவிட்டால் பார்க்கும் அண்டை வீட்டாரின் கையெழுத்து. முதலில், "எனக்கெதுக்குத் தாயி இதெல்லாம்" என்றார். இப்போது மாதம் தவறாமல் நிரப்புகிறார். ஊரார் பணம் மட்டும் வாங்குவதில்லை என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

வீட்டுப் பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது, அந்த மனு நடந்துகொண்டிருக்கிறது. ஆச்சியின் நோட்டில் ஒரே ஒரு பக்கம் தீரவில்லை. "பாலத்துக்காரி", 2,300 ரூபாய்; கடைசி வரவு 2016. அக்காவுக்கும் ஆள் யாரென்று நினைவில்லை. அந்தத் தொகையை என் பெயரில் தனி அஞ்சலகக் கணக்கில் போட்டு, மகளை நியமனதாரராக எழுதி, பக்கத்தின் நகலை அக்காவிடமும் கொடுத்து வைத்திருக்கிறேன். அவர் வந்தால் ரசீது எழுதி வாங்கிக்கொண்டு வட்டியோடு கொடுத்துவிட வேண்டும் என்று மகளிடமும் சொல்லியாயிற்று.